வேண்டாத டிராஃபிக்கை எங்கே எறிவது? சின்ன ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிமுறை

ரவுட்டரில் வேண்டாத டிராஃபிக்கைத் தடுக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண்) பட்டியல். எதை எறிய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எங்கே எறிவது என்று யாரும் கேட்பதில்லை. ஒரே பாக்கெட்டை (டிராஃபிக்கின் ஒரு சின்னப் பொட்டலத்தை) ரவுட்டருக்குள்ளேயே நான்கு இடங்களில் எறியலாம். ரவுட்டருக்கு வெளியே, இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் பக்கத்திலும் எறிய வைக்கலாம். இடம் தவறினால், விதி சரியாக இருந்தும் பயன் இருக்காது.

நான் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க்குகள் எல்லாம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை, பர்கூரில் ஜவுளிக் கடைகள், ராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டி, கேபிள் டிவியிலிருந்து இன்டர்நெட்டுக்கு மாறிய ஓர் உள்ளூர் ஆபரேட்டர். எல்லா இடத்திலும் மைக்ரோடிக் ரவுட்டர்தான். அதனால் மெனுப் பெயர்களை அதிலிருந்தே சொல்கிறேன். வேறு ரவுட்டர் வைத்திருந்தால் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

எறிவதற்கு முன் எண்ணுங்கள்

விதி எழுதும் முன் வின்பாக்ஸில் (மைக்ரோடிக்கை அமைக்கும் நிரல்) மேலே இடது பக்கம் உள்ள சேஃப் மோட் பொத்தானை அழுத்துங்கள். எழுதும் விதி உங்களையே வெளியே தள்ளிவிட்டால், இணைப்பு அறுந்ததைக் கண்டு ரவுட்டர் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். மாம்பழப் பருவத்தில் ஆலை இரவு முழுவதும் ஓடும்போது, வீட்டில் இருந்தபடி விதியை மாற்றுகிறவருக்கு இந்தப் பொத்தான் நள்ளிரவு பைக் பயணத்தை மிச்சப்படுத்தும். எல்லாம் சரி என்று தெரிந்ததும் அதே பொத்தானை அழுத்தி விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் செய்த வேலை திரும்பிப் போய்விடலாம்.

அடுத்து, டூல்ஸ் மெனுவில் உள்ள டார்ச். வெளிப்பக்க இன்டர்ஃபேஸை (இணையம் வந்து சேரும் வழியை) தேர்ந்தெடுத்து ஓடவிட்டால், எந்த முகவரியில் இருந்து எந்தப் போர்ட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று கண்முன் ஓடும். உங்கள் இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) வழியாக வருகிறது என்றால், கேபிள் செருகியிருக்கும் ஈதர்நெட் போர்ட்டை அல்ல, பிபிபிஓஇ இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விதிகளிலும் இதே கவனம் தேவை. ஈதர்நெட் போர்ட்டின் பெயரைப் போட்டு எழுதிய விதி, பிபிபிஓஇ வழியாக வரும் பாக்கெட்டுக்குப் பொருந்தாது. விதி பட்டியலில் அழகாக நிற்கும், அதன் கணக்கு பூஜ்யத்திலேயே இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி பாஸ்துரூ. ஃபயர்வால் (டிராஃபிக்கை விடுவதா தடுப்பதா என்று பார்க்கும் பகுதி) விதியின் செயலாக டிராப் (சத்தமில்லாமல் எறிதல்) என்பதற்குப் பதில் பாஸ்துரூ என்று வைத்தால், பொருந்தும் பாக்கெட்டை ரவுட்டர் எண்ணும், வேறு எதுவும் செய்யாது. நான் எந்தப் புது விதியையும் முதலில் இப்படித்தான் போடுகிறேன். ஒரு முழு வேலை நாள் ஓடவிட்டு, எண்ணிக்கை எந்த நேரத்தில் ஏறுகிறது என்று பார்ப்பேன். நள்ளிரவிலும் ஏறினால் பெரும்பாலும் குப்பை. காலை கடை திறந்ததும் ஏறத் தொடங்கினால், அதற்குப் பின்னால் யாரோ வேலை செய்யும் மனிதர் இருக்கிறார், அவரைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது.

ரவுட்டருக்கே வரும் பாக்கெட்

ஃபயர்வாலின் ஃபில்டர் பகுதியில் இன்புட், ஃபார்வர்ட், அவுட்புட் என்று மூன்று சங்கிலிகள் உண்டு. ரவுட்டரையே நோக்கி வருவது இன்புட், ரவுட்டரைக் கடந்து உள்ளே இருக்கும் கணினிக்குப் போவது ஃபார்வர்ட். இந்த வேறுபாடு பிடிபடாமல் எழுதிய விதிகளைத்தான் புது இடங்களில் நான் அதிகம் அழிக்கிறேன். ரவுட்டரைக் காக்க வேண்டிய விதியை ஃபார்வர்டில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

பொது முகவரி உள்ள ரவுட்டரை இணைத்த கொஞ்ச நேரத்திலேயே தட்டுவதற்கு ஆள் வந்துவிடும். இதில் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் அவை. டெல்நெட்டின் 23, எஸ்எஸ்எச்சின் 22, விண்டோஸ் கோப்புப் பகிர்வின் 445, வின்பாக்ஸின் 8291 ஆகியவை டார்ச்சில் அடிக்கடி தெரியும். 2018-இல் வின்பாக்ஸ் சேவையில் இருந்த ஓட்டை வழியாக உலகம் முழுவதும் ஏராளமான ரவுட்டர்கள் களவுபோயின. சரிசெய்த பதிப்பு அந்த ஆண்டு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. புதுப்பிக்காமலும், 8291-ஐ ஊருக்கே திறந்துவைத்தும் இருந்தவர்கள்தான் மாட்டினார்கள்.

இத்தனை போர்ட் இருக்கிறதே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டிராப் எழுதத் தொடங்க வேண்டாம். அது முடியாத வேலை. வேண்டியதை மட்டும் அனுமதித்துவிட்டு, கடைசியில் மீதி எல்லாவற்றையும் எறியும் ஒரே விதி போதும். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் விதியோடு அந்தப் பாக்கெட்டின் கதை முடியும் (எண்ணுவதற்கும், பதிவதற்கும், முகவரியைப் பட்டியலில் சேர்ப்பதற்குமான விதிகள் விலக்கு). ஆகவே வரிசை முக்கியம். முதலில் எஸ்டாப்ளிஷ்ட் (நடந்துகொண்டிருக்கும் இணைப்பு), ரிலேட்டட் (அதோடு தொடர்புடையது), அன்ட்ராக்ட் (ரவுட்டர் கண்காணிக்காதது) நிலையில் உள்ளவற்றை அனுமதியுங்கள். அடுத்து, எந்த இணைப்போடும் பொருந்தாத இன்வேலிட் நிலையில் உள்ளதை எறியுங்கள். பிறகு ஐசிஎம்பி-ஐ (பிங், பிழைச் செய்திகள் போகும் முறை) அனுமதியுங்கள். பிறகு நிர்வாகத்துக்கான முகவரிப் பட்டியல் ஒன்றை உருவாக்கி அதை மட்டும் அனுமதியுங்கள். கடைசியாக, உள்பக்க இன்டர்ஃபேஸ் பட்டியலில் இருந்து வராத அனைத்துக்கும் டிராப்.

தளப் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் பற்றி ஒரு வார்த்தை. டிஎன்எஸ் அமைப்பில் ‘அலோ ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே இருக்கும் கணினிகளுக்காக அதில் டிக் போடுவோம். ஆனால் வெளிப்பக்கத்தை மூடவில்லை என்றால் ரவுட்டர் உலகத்துக்கே விடை சொல்லத் தொடங்கிவிடும். தாக்குபவர், தான் அடிக்க நினைக்கும் ஆளின் முகவரியைப் போலியாகப் போட்டுச் சின்னக் கேள்வி ஒன்றை அனுப்புவார். அதைவிடப் பல மடங்கு பெரிய விடையை உங்கள் ரவுட்டர் அந்த அப்பாவியின் தலையில் கொட்டும். பர்கூரில் ஒரு கடையில் பில் போடும் கணினி தவிர வேறு எதுவும் ஓடாத நேரத்திலும் அப்லோட் நிரம்பி வழிந்தது. காரணம் இதுதான். மேலே சொன்ன கடைசி டிராப் விதி இருந்தால் இதற்குத் தனி விதி தேவையில்லை.

கடந்து போகும் பாக்கெட்

ஃபார்வர்டிலும் அதே வரிசைதான். நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளுக்கு அனுமதி, இன்வேலிட்டுக்கு டிராப், வெளியிலிருந்து புதிதாக வந்து நாம் போர்ட் ஃபார்வர்டு செய்யாதவற்றுக்கு (உள்ளே ஒரு கணினிக்குத் திருப்பிவிடாதவற்றுக்கு) டிராப். இதில் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை.

ஒரு சிக்கலை மட்டும் சொல்ல வேண்டும். “விதியைப் போட்டுவிட்டேன், இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கிறது” என்று ஃபோன் வரும். விதி போடும் முன்பே திறந்துவிட்ட இணைப்பு, மேலே உள்ள எஸ்டாப்ளிஷ்ட் அனுமதியிலேயே கடந்துவிடும், உங்கள் டிராப் வரை வந்து சேராது. ஃபாஸ்ட்டிராக் (நடக்கும் இணைப்புகளைக் குறுக்கு வழியில் விடும் வசதி) போட்டிருந்தால் அந்தப் பாக்கெட்டுகள் ஃபில்டர் பக்கமே பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. கனெக்‌ஷன்ஸ் தாளைத் திறந்து அந்த இணைப்பைத் தேடி நீக்குங்கள். மறுபடி திறக்க முயலும்போது விதியில் மாட்டும்.

டிராப் செய்வதா, ரிஜெக்ட் செய்வதா என்ற கேள்விக்கு என் விடை எளியது. வெளியாருக்கு டிராப், உள்ளே இருப்பவர்களுக்கு ரிஜெக்ட். டிராப் செய்தால் எதிர்ப்பக்கத்துக்குப் பதிலே போகாது. தட்டிப் பார்க்கும் நிரல் காத்துக் கிடக்கட்டும். ஆனால் உள்ளே கணக்கர் ஒருவர் நாம் மூடிய போர்ட்டை நோக்கி ஏதோ மென்பொருளைத் திறந்தால், டிராப் அவரையும் அப்படியே காக்கவைக்கும். திரை உறைந்துபோகும், அவர் கணினியை அணைத்து அணைத்துப் போடுவார். டிசிபி (இரு பக்கமும் கைகுலுக்கித் தொடங்கும் இணைப்பு) என்றால் ரீசெட், மற்றவற்றுக்கு ஐசிஎம்பி தடைச் செய்தி என்று ரிஜெக்ட் செய்தால் உடனே பிழைச் செய்தி வரும், அவர் உடனே என்னைக் கூப்பிடுவார். டார்பிட் என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. டிசிபி-யில் தட்டுகிறவருக்குப் பதில் சொல்வதுபோல் சொல்லி இணைப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கறுவம் தீர்க்க ஆசைப்படுபவர்கள் முயலலாம், எனக்கு அதற்கு நேரமில்லை.

ரா: நுழையும் முன்பே

பாக்கெட் உள்ளே வந்ததும் அது எந்த இணைப்பைச் சேர்ந்தது என்று ரவுட்டர் ஒரு பேரேட்டில் பார்த்து, புதிது என்றால் குறித்துவைக்கிறது. ஃபில்டரில் உள்ள டிராப், இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் நடக்கிறது. மாங்கூழ் ஆலையில் அழுகிய காயை லாரியிலேயே பார்த்துத் திருப்பி அனுப்புவதற்கும், எடைமேடையில் ஏற்றி, ரசீது எழுதி, கழுவும் தொட்டி வரை கொண்டுபோய்ப் பொறுக்கி எறிவதற்கும் உள்ள செலவு வித்தியாசம்தான் இதுவும். ஃபயர்வாலில் ரா என்ற தாள் இருக்கிறது. அதில் ப்ரீரவுட்டிங் சங்கிலியில் போடும் டிராப், பேரேட்டுக்கு முன்பே எறிந்துவிடும்.

இது ஏன் முக்கியம் என்றால், சின்ன ரவுட்டரைச் சாய்ப்பது மெகாபிட் கணக்கு அல்ல, பாக்கெட் எண்ணிக்கை. 100 மெகாபிட் ஈதர்நெட்டில் 64 பைட் கொண்ட மிகச் சிறிய பாக்கெட்டுகளாக மட்டும் வந்தால், நொடிக்கு ஏறத்தாழ 1,48,800 பாக்கெட் வரும். ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் ஒரு வரி எழுத நேர்ந்தால் சிபியு நூறைத் தொட்டு நிற்கும், வின்பாக்ஸ்கூடத் திறக்காது.

ராவில் என்ன போடலாம்? வெளிப்பக்கத்தில் இருந்து வரவே கூடாத மூல (அனுப்பியவரின்) முகவரிகளைப் போடலாம். சாய்கோட்டுக்குப் பின் உள்ள எண் தொகுதியின் அளவைச் சொல்கிறது: எண் பெரிதாக ஆகத் தொகுதி சின்னதாகும், /32 என்றால் ஒரே முகவரி. 127.0.0.0/8, 169.254.0.0/16, 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16, எடுத்துக்காட்டுகளுக்காக ஒதுக்கிய 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24, கடைசியில் 240.0.0.0/4. இவற்றை ஒரு முகவரிப் பட்டியலாக்கி ஒரே விதியில் எறியலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் வெளிப்பக்க முகவரியையும் கேட்வே (நிறுவனப் பக்கத்தில் உங்களுக்கு அடுத்த ரவுட்டர்) முகவரியையும் பாருங்கள். நம் பக்கத்தில் பல இணைப்புகளில் பொது முகவரி கிடையாது, 100.64.0.0/10-இல் இருந்தோ, சில இடங்களில் 10-இல் தொடங்கும் எண்ணோதான் கொடுக்கிறார்கள். நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரும் அதே வரம்பில் இருக்கலாம். பட்டியலை அப்படியே ஒட்டினால் இணைப்பே நின்றுவிடும்.

ராவுக்கு எது பதில், எது புதுக் கேள்வி என்று தெரியாது. ‘யுடிபி 53 டிராப்’ (யுடிபி என்பது கைகுலுக்கல் இல்லாமல் நேரே அனுப்பும் முறை) என்று பொதுவாக எழுதி, 53 மூலப் போர்ட்டாக இருக்கும் பாக்கெட்டையும் சேர்த்து எறிந்தால், நீங்களே கேட்ட கேள்விக்கு வரும் டிஎன்எஸ் பதிலும் குப்பைக்குப் போகும். சேருமிடப் போர்ட் 53, உள்ளே வரும் இன்டர்ஃபேஸ் வெளிப்பக்கம் என்று இரண்டையும் குறிப்பிட வேண்டும்.

இன்னொன்று, தட்டுகிறவர்களைத் தானாகவே தடைப்பட்டியலில் சேர்க்கும் விதி. இது எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் யுடிபி-யில் மூல முகவரியை யாரும் போலியாகப் போடலாம். 8.8.8.8 (கூகுளின் டிஎன்எஸ்) என்று போட்டு யாராவது உங்களைத் தட்டினால், நீங்களே உங்கள் டிஎன்எஸ்ஸைத் தடுத்துக்கொள்வீர்கள். டிசிபி-யிலும் இணைப்பைத் தொடங்கும் முதல் எஸ்ஒய்என் பாக்கெட்டை மட்டும் பார்த்துச் சேர்த்தால் இதே கதைதான். தானியங்கிப் பட்டியல் வைப்பதானால், தடுக்கவே கூடாத முகவரிகளுக்கு மேலே ஓர் அனுமதி விதி போடுங்கள், சேர்ப்பதற்குக் காலக்கெடுவும் வையுங்கள். ஒரு நாள் போதும்.

பிளாக்ஹோல் ரூட்

ஃபயர்வாலைத் தொடாமல் எறிய இன்னொரு வழி உண்டு: எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் போவது என்று சொல்லும் ரூட் அட்டவணை. ஒரு முகவரித் தொகுதிக்கு வழியாக எந்த கேட்வேயும் தராமல் பிளாக்ஹோல் என்று குறித்தால், அங்கே போக வரும் பாக்கெட் சத்தமில்லாமல் மறையும். ரவுட்டர்ஓஎஸ் 7-இல் ரூட்டுக்குள் பிளாக்ஹோல் என்று ஒரு டிக் இருக்கும். 6-இல் டைப் என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கேயே உள்ள அன்ரீச்சபிள், ப்ரொஹிபிட் இரண்டும் அனுப்பியவருக்கு ஐசிஎம்பி செய்தி அனுப்பும். சிஸ்கோவில் இதே வேலையை நல்0 என்ற இன்டர்ஃபேஸ் செய்கிறது. அதில் ஐசிஎம்பி பதில்களையும் அணைத்துவைப்பது நல்லது.

இதன் உண்மையான பயன் தாக்குதலைத் தடுப்பதைவிடச் சுழற்சியைத் தடுப்பதில் இருக்கிறது. நான் சொன்ன கேபிள் ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 203.0.113.0/24 என்ற தொகுதி கிடைத்திருக்கிறது என்று வையுங்கள். 256 முகவரிகளில் பாதிதான் சந்தாதாரர்களிடம் ஓடுகின்றன. மீதிப் பாதியையும் ஊரில் உள்ள நிரல்கள் தட்டத்தான் செய்யும். ஓடாத முகவரி ஒன்றுக்கு வரும் பாக்கெட் அவர் ரவுட்டருக்கு வந்து சேர்கிறது. ரவுட்டரில் அதற்குத் தனி ரூட் இல்லை. தனி ரூட் இல்லாதவற்றுக்கான டீஃபால்ட் ரூட் இருக்கிறது, அது மேலே இருக்கும் நிறுவனத்தைக் காட்டுகிறது. ஆகவே பாக்கெட் திரும்பிப் போகும். அவர்கள் அட்டவணையிலோ அந்தத் தொகுதி இவருடையது, மறுபடி இங்கே அனுப்புவார்கள். ஒவ்வொரு தாவலிலும் ஒன்று குறையும் டிடிஎல் எண் பூஜ்யம் ஆகும்வரை ஒரே பாக்கெட் அந்த லிங்க்கில் பல பத்து முறை போய்வரும். காசு கொடுத்து வாங்கிய அலைவரிசையை ஒன்றுமில்லாத முகவரி தின்றுகொண்டிருக்கும்.

தீர்வு ஒரே வரி: முழு 203.0.113.0/24-க்கும் ஒரு பிளாக்ஹோல் ரூட். சந்தாதாரர்கள் கதி என்ன என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொருவரும் இணையும்போது அவருடைய ஒற்றை முகவரிக்கு /32 ரூட் ஒன்று உருவாகிறது. நீளமான முன்னொட்டுதான் (சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண் உள்ளதுதான்) எப்போதும் வெல்லும். ரூட்டின் முன்னுரிமையைச் சொல்லும் டிஸ்டன்ஸ் எண் இங்கே கணக்கில் வராது, அது ஒரே அளவுள்ள தொகுதிகளுக்குள் போட்டி வந்தால் மட்டும்தான். இணைந்திருப்பவருக்கு /32, இணையாதவருக்கு பிளாக்ஹோல்.

இதே உத்தி இரண்டு கிளை உள்ள சின்ன நிறுவனத்துக்கும் உதவும். ஆலையின் அலுவலகம் 192.168.10.0/24, காய் வாங்கும் கிடங்கு 192.168.20.0/24, நடுவில் ஒயர்கார்டு விபிஎன் (மறையாக்கிய தனிப் பாதை). விபிஎன் அறுந்து அந்த ரூட்டும் மறைந்தால், கிடங்குக்குப் போக வேண்டிய எடைச்சீட்டு விவரம் டீஃபால்ட் ரூட் வழியாக இணையத்தை நோக்கிக் கிளம்பும். எங்கும் போய்ச்சேராது, ஆனால் மறையாக்கம் இல்லாமல் வெளிப்பக்க வயரில் போகும். 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றுக்கும் பிளாக்ஹோல் ரூட் போட்டுவைத்தால் அது ரவுட்டரிலேயே நின்றுவிடும். உள்ளே ஓடும் /24-கள் நீளமானவை என்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. ஃபைபர் பெட்டியின் 192.168.1.1 பக்கத்தையோ, 10-இல் தொடங்கும் நிறுவன டிஎன்எஸ் சர்வரையோ டீஃபால்ட் ரூட் வழியாக அடைந்துகொண்டிருந்தவர்களுக்கு மட்டும் அது நின்றுபோகும். அந்த முகவரிக்கு /32 ரூட் ஒன்று சேர்த்தால் சரியாகும்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ரூட் என்பது சேருமிடத்தைப் பார்த்து முடிவெடுப்பது. தாக்குபவரின் முகவரிக்கு பிளாக்ஹோல் போட்டால், அவருக்கு நம் பதில் போகாது, அவ்வளவுதான். அவர் அனுப்புவது வந்துகொண்டேதான் இருக்கும். டிசிபி என்றால் பதில் கிடைக்காமல் இணைப்பு முழுமையடையாது, அதுவரை சரி. யுடிபி வெள்ளத்துக்கு இது ஒன்றும் செய்யாது. மூல முகவரியைப் பார்த்து எறிய வேண்டுமென்றால் ராவுக்குப் போக வேண்டும்.

நம் வீட்டில் இருந்து கிளம்பும் குப்பை

வெளியிலிருந்து வருவதைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். எனக்குக் கவலை உள்ளே இருக்கும், கேமரா படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டிகளைப் பற்றி. 2016-இல் மிராய் என்ற நிரல், பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் டெல்நெட் வழியாகப் பிடித்து ஒரு பெரும்படை சேர்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியது. பல பெரிய தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. பிடிபட்ட பெட்டி சும்மா இருக்காது. 23, 2323 போர்ட்டுகளில் அடுத்தடுத்த முகவரிகளைத் தட்டிக்கொண்டே இருக்கும். கேமரா படம் வழக்கம்போல் வரும், வீட்டுக்காரருக்குச் சந்தேகமே எழாது.

ஃபார்வர்டில் உள்ளிருந்து வெளியே போகும் டிசிபி 23, 2323, 445, 25 ஆகியவற்றுக்கு ஒரு விதி எழுதுங்கள். அதில் மூல முகவரியை ஒரு பட்டியலில் சேர்க்கச் செய்து, அதற்குக் கீழே ரிஜெக்ட் வையுங்கள். பட்டியலில் எந்த முகவரி வந்து உட்காருகிறதோ, அந்தப் பெட்டியைப் போய்ப் பாருங்கள். 25 என்பது அஞ்சல் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் போர்ட். கடையில் அஞ்சல் அனுப்பும் மென்பொருள் 587 அல்லது 465-ஐத்தான் பயன்படுத்த வேண்டும். கணினி ஒன்று 25-இல் நூற்றுக்கணக்கில் இணைப்பு திறந்தால், அது குப்பை அஞ்சல் அனுப்புகிறது என்று கொள்ளலாம்.

டிவிஆர் முகவரியில் இருந்து இணையத்துக்கு எதையும் விடாதீர்கள் என்பது என் கட்டாய விதி. ஆலையில் இதைச் சொன்னபோது மேற்பார்வையாளர் தம்பி, “அக்கா, கேமரா வெளியே போகவில்லை என்றால் முதலாளி பெங்களூரில் இருந்து எப்படிப் பார்ப்பார்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முதலாளியின் கைப்பேசியில் ஒயர்கார்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை இயக்கிவிட்டு உள்பக்க முகவரியிலேயே கேமராவைத் திறக்கிறார். டிவிஆருக்கு வெளியுலகம் தெரியாது, வெளியுலகத்துக்கு டிவிஆர் தெரியாது. டிவிஆருக்கு வேண்டிய கடிகார நேரத்தை ரவுட்டரே என்டிபி வழியாகக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது போலி மூல முகவரி. உள்ளே 192.168.10.0/24 மட்டும்தான் இருக்கிறது என்றால், உள்பக்க இன்டர்ஃபேஸில் வேறு மூல முகவரியோடு வரும் பாக்கெட்டுக்கு வெளியே போக எந்த உரிமையும் இல்லை. 2000-இல் வெளியான ஆர்எஃப்சி 2827 என்ற இணைய நெறி ஆவணம் இதைத்தான் எல்லா நெட்வொர்க்குகளுக்கும் பரிந்துரைத்தது. எல்லாரும் கேட்டிருந்தால் மேலே சொன்ன டிஎன்எஸ் தாக்குதல் வகையே பெரும்பாலும் செத்திருக்கும். மைக்ரோடிக்கில் ஐபி செட்டிங்ஸ் பகுதியில் ஆர்பி ஃபில்டர் என்பதை ஸ்ட்ரிக்ட் ஆக்கினால் இந்தச் சோதனை தானாக நடக்கும். ஃபைபர் ஒன்று, ரேடியோ ஒன்று என்று இரண்டு இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டும் இடங்களில் ஸ்ட்ரிக்ட் வேண்டாம்; ஒரு வழியில் போய் இன்னொரு வழியில் திரும்பும் நியாயமான பாக்கெட்டும் விழுந்துவிடும். அங்கே லூஸ் போதும். மூல முகவரிச் சோதனையை உள்பக்கத்துக்கான ஒரு ரா விதியாக எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதும்போது 0.0.0.0 மூல முகவரிக்கு அனுமதி வைக்க மறக்க வேண்டாம். டிஹெச்சிபி வழியாக முகவரி கேட்கும் கணினிக்கு அதுதான் முகவரி.

எறியக் கூடாதவை

‘பாதுகாப்புக்காக’ ஐசிஎம்பி முழுவதையும் எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிபிபிஓஇ எட்டு பைட்டை எடுத்துக்கொள்வதால் 1500-க்குப் பதில் 1492 பைட்தான் அந்த இணைப்பில் போகும். அதைவிடப் பெரிய பாக்கெட், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு வந்தால், ‘இவ்வளவுதான் போகும்’ என்று சொல்லும் செய்தி ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4. அதை எறிந்தால் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் தொங்கும், பிங் மட்டும் அழகாகப் போகும். ஐசிஎம்பி-ஐ அனுமதித்து, வேண்டுமானால் பிங்குக்கு மட்டும் நொடிக்கு இவ்வளவு என்று வரம்பு வையுங்கள்.

ஐபிவி6-க்கு (புதிய, நீளமான முகவரி முறை) ஃபயர்வால் தனி மெனுவில் இருக்கிறது. ஐபிவி4-இல் எழுதிய எதுவும் அங்கே செல்லாது. நாட்டின் இணைப்புகளில் ஐபிவி6 பரவலாகிவிட்ட பிறகும் அந்த மெனுவைத் திறந்தே பார்க்காதவர்கள் பலர். உள்ளே இருக்கும் கணினிகளுக்கு அங்கே பொது முகவரி கிடைக்கும், பல கணினிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் நாட் (NAT) மறைப்பு இருக்காது. அதே வரிசையில் அங்கேயும் விதிகளை எழுதுங்கள். ஐசிஎம்பிவி6-ஐ மொத்தமாக எறிந்தால் அண்டைக் கணினியைக் கண்டுபிடிக்கும் வேலையே நின்று, ஐபிவி6 முழுவதும் படுத்துவிடும்.

லைனே நிரம்பிவிட்டால்

நூறு மெகாபிட் லைனில் நானூறு மெகாபிட் குப்பை வந்தால், உங்கள் ரவுட்டரில் எத்தனை அருமையான விதி இருந்தும் பயனில்லை. பாக்கெட் உங்களிடம் வருவதற்கு முன்பே குழாய் அடைத்துவிட்டது. இங்கே எறிய வேண்டிய இடம் மேலே. மாறும் முகவரி உள்ள சின்ன வாடிக்கையாளர் என்றால், பிபிபிஓஇ-ஐ அணைத்துப் போட்டுப் புது முகவரி வாங்கிப் பாருங்கள். பல சமயம் அதோடு முடிந்துவிடும். பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்கள் ரூட்டுகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை) ஓட்டும் ஆபரேட்டர் என்றால், தாக்கப்படும் ஒற்றை முகவரியை 65535:666 என்ற கம்யூனிட்டிக் குறியோடு மேல் நிறுவனத்துக்கு அறிவிக்கலாம். 2016-இல் ஆர்எஃப்சி 7999 இதைப் பொதுக் குறியாக்கியது. அந்த /32-க்குப் போவதை அவர்கள் தங்கள் பக்கத்திலேயே எறிவார்கள். தாக்கப்பட்ட சந்தாதாரர் அந்த நேரத்துக்கு இணையத்தில் இருக்க மாட்டார், மற்றவர்கள் பிழைப்பார்கள். மேல் நிறுவனம் இதை ஏற்குமா, எந்தக் கம்யூனிட்டி, எவ்வளவு சின்னத் தொகுதி வரை என்று தாக்குதல் வராத நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். லைன் அடைத்திருக்கும் நேரத்தில் மின்னஞ்சல்கூடப் போகாது.

லாக் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. எறியும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பதிவுசெய்யச் சொன்னால், எறிவதைவிட எழுதுவதற்கே ரவுட்டர் அதிகம் உழைக்கும். லாக் விதிக்கு வரம்பு வைத்து, பதிவை ரவுட்டரின் ஃபிளாஷில் எழுதாமல் வேறு கணினிக்கு சிஸ்லாக்காக அனுப்புங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ரவுட்டரின் கடிகாரம் சரியாக இருந்தால்தான் அந்த லாக்குக்கு மதிப்பு.

எல்லாம் முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் இருந்து உங்கள் பொது முகவரியைத் தட்டிப் பாருங்கள். 8291, 22, 23, 53, 80 எதுவும் திறக்கக் கூடாது. அதே நேரம் வின்பாக்ஸில் கடைசி டிராப் விதியின் எண்ணிக்கை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால், பாக்கெட் வேறு எங்கோ நிற்கிறது: ஃபைபர் பெட்டியிலோ, இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் நாட் (NAT) அமைப்பிலோ, வரிசையில் மேலே உள்ள வேறு விதியிலோ. அது எங்கே என்று கண்டுபிடித்த பிறகு சேஃப் மோடை விடுவித்து, முழு அமைப்பையும் எக்ஸ்போர்ட் செய்து ரவுட்டருக்கு வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.